கீழ்ப்பிடிக்காரரின் வயிறு

இரும்பு பீரோ மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு மூலை சுவரிலும் ஒரு மூலை கைப்பிடிக் கம்பியிலும் குத்தி, மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நின்றது. வீட்டுக்காரர் மேல்படியில் நின்று, புதுச் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும் என்று சுவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பீரோ தூக்குவதில் மேல்பிடி, கீழ்ப்பிடி என்று இரண்டு இடம். மேல்பிடிக்காரர் பின்பக்கமாகப் படியேறிக்கொண்டே வழி சொல்வார். பாரம் முழுவதும் கீழே நிற்பவரின் வயிற்றில் இறங்கும். கைதான் தூக்குகிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வயிறு இறுகாவிட்டால் கையால் ஒரு நாற்காலியைக்கூட மாடியேற்ற முடியாது. அதனால் கீழ்ப்பிடிக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். கிடைத்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் மறந்துபோய், அதுவே பெயராகிவிடும்.

"மாப்ள, ஒரு சாண் தூக்கு. இடது பக்கம் திருப்பிடறேன்," என்றார் மேல்பிடி. அவர் கீழ்ப்பிடியின் மனைவிக்கு அண்ணன். தங்கையைக் கொடுத்ததே, கீழ்ப்பிடி வேறு ஆளோடு போய்விடக் கூடாது என்றுதான் என்பார்கள்.

கீழ்ப்பிடி மூச்சைப் பிடித்துத் தூக்கினார். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுத் துணி பிழிவதுபோல முறுக்கியது. வலி முதுகைச் சுற்றித் தோள்பட்டைக்கு ஏறியது. அவர் பீரோவை விடவில்லை. திருப்பம் தாண்டி, கூடத்தில் இறக்கி வைத்து, நேராகப் போய் வீட்டுக்காரரின் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தார்.

"நேத்தே சொன்னேன், காலி வயித்துல டீ குடிக்காதேன்னு," என்றார் மேல்பிடி.

"இது டீ இல்ல மச்சான். ஒரு மாசமா வருது."

பித்தப்பையில் கல் என்று ஸ்கேன் சொன்னது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பெரிய டாக்டர் இருந்தார். அவருடைய அறைக்கு வெளியே அவருடைய படம், உள்ளே அவருடைய படம். நடுவில் அவரும் இருந்தார். கீழ்ப்பிடிக்கு ஒரே கேள்விதான்.

"வயித்தக் கிழிப்பீங்களா டாக்டர்? நான் பாரம் தூக்குற ஆளு."

பெரிய டாக்டர் சிரித்தார். "கிழிக்கிறதெல்லாம் எங்க அப்பா காலம். நாலே நாலு ஓட்டை. ஒன்னுல கேமரா, மத்ததுல கருவி. சதைய வெட்டவே மாட்டோம். மூணாவது நாள் நீங்க பீரோ தூக்கலாம்."

"பீரோவேவா?"

"என்னையே தூக்கலாம்."

இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. அடுத்த வாரம் மாநாடு. பல ஊர் டாக்டர்கள் அரங்கத்தில் உட்கார்ந்திருக்க, பெரிய டாக்டர் இங்கே செய்யும் ஆபரேஷன் அங்கே திரையில் நேரடியாகத் தெரியும். அதற்குச் சம்மதித்தால் சிகிச்சை இலவசம். கீழ்ப்பிடிக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. வயிறு மூடியே இருக்கும் என்பது ஒன்று போதும். கான்ட்ராக்டரிடம் மூன்று நாள் லீவு சொன்னார். "மூணுன்னா மூணு. நாலாவது நாள் எனக்கு ஆள் வேணும்," என்றார் கான்ட்ராக்டர்.

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் ஒரு பதாகை: வெட்டில்லை, வடுவில்லை, வேலை நிற்பதில்லை. ஆபரேஷன் அறைக்கு வெளியே நாற்காலி இல்லாததால், கீழ்ப்பிடியின் மனைவியைக் கொண்டுவந்து கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அவள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்துவிட்டாள். தரைவிரிப்பில் கால் புதைவது கூச்சமாக இருந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் பயம்.

திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஏதோ துடித்தது. பக்கத்திலிருந்த டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இதுல எங்க வீட்டுக்காரர் எங்கங்க இருக்கார்?"

"இது முழுக்க உங்க வீட்டுக்காரர்தாம்மா," என்றார் அவர். பிறகு, முறுக்குக் கம்பிபோல நீண்ட ஒரு கருவியைச் சுட்டிக்காட்டி, "அது டாக்டர்," என்றார்.

வயிற்றுக்குள் வாயுவை நிரப்பிப் பந்துபோல உப்ப வைத்து, தொப்புள் வழியே கேமராவை விட்டிருந்தார்கள். பித்தப்பை வீங்கி, சுற்றியுள்ள கொழுப்போடு ஒட்டிக்கிடந்தது. ஒரு கருவி அதன் தலையைப் பிடித்து மேலே இழுத்தது. பையிலிருந்து இறங்கும் சின்னக் குழாயை மட்டும்தான் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. பையை அளவுக்கு மீறி இழுத்தால் பெரியது மேலெழும்பி வந்து சின்னதைப்போலவே காட்சி தரும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காமல் கத்தரியை எடுக்கக் கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் பெரிய டாக்டர்.

முதல் வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மைக்கை வாங்கினார். வாங்கினால் கொடுக்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். "ரொம்ப ஒட்டியிருக்கே. இந்த மாதிரி இடத்துல நான் வயித்தத் திறந்துடுவேன். நீங்க?"

திரையிலிருந்து பெரிய டாக்டரின் குரல் வந்தது. "வெளியில பதாகை பாக்கலியா சார்?"

அரங்கம் சிரித்தது. பின் வரிசைகளில் சிலர் எழுந்து நின்றார்கள். சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் சத்தம் கதவுக்கு அப்பாலிருந்து கேட்டது. திரையில் கருவி கிளிப்பைப் போட்டது. இன்னொன்றையும் போட்டது. கத்தரி உள்ளே நுழைந்தது.

அப்போது தாழ்ந்த ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் மாட்டியது. "சார், பின்னாடி இன்னும் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துடலாமா? குழாய் கொஞ்சம் அகலமா..."

கத்தரி நின்றது. கீழ்ப்பிடியின் மனைவியும் மூச்சை நிறுத்தினாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"என் அசிஸ்டென்டுக்கு இன்னும் பசியெடுக்கல போல," என்றார் பெரிய டாக்டர்.

மறுபடியும் சிரிப்பு. கத்தரி மூடியது. பையை வெளியே எடுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து அவளும் தட்டினாள்.

மறுநாள் கீழ்ப்பிடிக்குத் தோளில் வலி. நர்ஸ், "கேஸ்," என்றாள். வயிற்றுக்குள் விட்ட வாயு மிச்சம் இருந்தால் தோளில் வலிக்குமாம். அது உண்மைதான். வயிறு உப்பியது. அதுவும் கேஸ். சாப்பிட முடியவில்லை. கேஸ். பெருக்க வந்த அம்மாள்கூட, விளக்குமாறை நிறுத்திவிட்டு, "கேஸ்தாண்ணே, நடங்க," என்றாள். அவர் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெரிய டாக்டர் மாநாடு முடிந்த கையோடு வேறொரு மாநாட்டுக்குப் போயிருந்தார். மூன்றாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் மேல்பிடி பார்க்க வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார். உட்கார்ந்தால் கான்ட்ராக்டரின் போன் வரும்.

"நாளைக்கு வந்துடுவியா மாப்ள? ஒரு பியானோ இருக்கு. அது என்ன எடைன்னு தூக்கினாத்தான் தெரியும்."

"வர்றேன்."

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

மேல்பிடி தங்கையைக் கூப்பிட்டார். "இங்க வா. விளக்கப் போடு." அவள் கணவனின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். மஞ்சள் தடவியதுபோல இருந்தது.

"இதுவும் கேஸுன்னு சொல்வாங்களா அண்ணே?" என்றாள்.

ஆட்டோவில் போகும்போது கீழ்ப்பிடிக்குக் காய்ச்சல் தூக்கிப்போட்டது. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். வயிற்றைத் தொட்டதுமே அவள் முகம் மாறியது. ஸ்கேனுக்கு அவளே படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "பித்தம் உள்ள கசியுது. குழாயும் அடைபட்டிருக்கு," என்று போனில் யாரிடமோ சொன்னாள். குரலைக் கேட்டதும் கீழ்ப்பிடியின் மனைவி எழுந்து நின்றாள்.

"நீங்கதானேம்மா அன்னிக்கு நிறுத்தச் சொன்னது?"

பெண் டாக்டர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அக்கா, கேட்காதீங்க. முதல்ல இவர் பிழைக்கணும்."

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கை தட்டினேன்மா."

பெண் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினாள்.

முதலில் ஒரு ரப்பர் குழாயை விட்டுக் கசிந்ததை வெளியே வடித்தார்கள். காய்ச்சல் அடங்கப் பல வாரம் ஆயிற்று. பிறகு வேறொரு டாக்டர், படமோ பதாகையோ இல்லாதவர், விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து, வெட்டுப்பட்டிருந்த பெரிய குழாய்க்குப் பதிலாகக் குடலை இழுத்துக் கல்லீரலோடு சேர்த்துத் தைத்தார். அன்றைக்குத் திரை எதுவும் இல்லை. அவள் மூடிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். மேல்பிடி படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். வெறுங்கையோடு மாடியேறி அவருக்குப் பழக்கமில்லை.

கான்ட்ராக்டர் வேறு கீழ்ப்பிடி போட்டுவிட்டார். புது ஆளுக்குக் கழுத்து குட்டை, பாரம் தோளில் விழுகிறது என்று மேல்பிடி குறை சொன்னார். "தற்காலிகந்தான் மாப்ள. நீ வந்ததும் அவன அனுப்பிடலாம்." சொல்லும்போது அவர் கீழ்ப்பிடியின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்ப்பிடி எலும்பும் தோலுமாக இருந்தார்.

காயம் ஆறியபின் ஒரு நாள் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். பெரிய டாக்டரே வந்தார். பின்னால் வெளியூர் டாக்டர்கள் கூட்டம், கேமராவோடு ஒருவர், கடைசியாக அந்தப் பெண் டாக்டர். கீழ்ப்பிடி சட்டையைக் கழற்றிப் படுத்திருந்தார். வீட்டிலிருந்தே ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

"டாக்டர், எப்பலேர்ந்து தூக்கலாம்?"

பெரிய டாக்டர் அந்தக் கேள்விக்கான பதிலை வெளியூர்க்காரர்களிடம் சொன்னார். "இந்த மாதிரி அபூர்வமா சில உடம்புல குழாய் அமைப்பே வேற மாதிரி இருக்கும். இவருடைய உடல்வாகு அப்படி." பிறகு கீழ்ப்பிடியின் பக்கம் திரும்பினார். "இனிமே பாரம் வேண்டாம். தையல் விட்டுக் குடல் பிதுங்கிடும். உட்கார்ந்து செய்யுற வேலையா பாருங்க."

"எனக்கு உட்கார்ந்து செய்யுற வேலை தெரியாதுங்க."

"கத்துக்கலாம். வயசிருக்கு."

"மூணாவது நாள் பீரோ தூக்கலாம்னு சொன்னீங்க."

பெரிய டாக்டருக்கு அது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் குனிந்து தொப்புளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத பாருங்க. துளை போட்ட இடமே தெரியல. எவ்வளவு அழகா ஆறியிருக்கு." வெளியூர் டாக்டர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் நல்ல மனதோடு மெச்சினார். அடுத்த மாநாட்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

கேமராக்காரர் கட்டிலருகே வந்து உற்றுப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "சார், மேல இருக்கற அந்தப் பெரிய கோடு?"

"அது வேற ஆபரேஷன். அது நம்மளோடது இல்ல. மூடிடுங்க."

நர்ஸின் கையில் தட்டு இருந்தது. பெண் டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரர் கீழ்ப்பிடியின் மனைவியைக் கூப்பிட்டு, போர்வையின் முனையை விலாவின் மேல் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அவள் பிடித்தாள். துணி வழுக்கி இறங்கியது. மறுபடி இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ. அங்கதான். கை தெரியுதும்மா, கைய உள்ள வச்சுக்கோங்க."

அவள் கையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே விரல்களுக்கு அடியில் தழும்பு தடித்து நீண்டு கிடந்தது. கேமராக்காரர் கண்ணை இடுக்கினார்.

"அண்ணே, வயித்த லேசா எக்கிக்கோங்க."

கீழ்ப்பிடி மூச்சைப் பிடித்தார். வயிறு இறுகவில்லை. அவள் விரல்களுக்குக் கீழே அது மெதுவாகப் புடைத்து எழுந்தது. அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.