அத்திமரத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர்

டாக்டர் ஹால்வர்சன் படக்குழுவோடு மறுபடி கோஸ்தாரிக்கா வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஃப்ளோரிபெத் காபியில் சர்க்கரை போடவில்லை. கசப்பு கொஞ்சமும் குறைந்துவிடக் கூடாதாம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் அவரை ஓடைக்கு அழைத்துப்போய், வயிற்றுத்தோல் வழியே இதயம் துடிப்பது தெரியும் அந்தக் கண்ணாடித் தவளையைக் காட்டினாள். மனுஷன் ஊருக்குப் போய்த் தவளைக்குத் தன் பெயரையே வைத்தார். 'தன்னந்தனியாகக் காட்டில் அலைந்து கண்டுபிடித்தேன்' என்று புத்தகமும் போட்டார். அதில் ஃப்ளோரிபெத்தும் வருகிறாள்: 'சமையல்காரி. பீன்ஸில் உப்பு தூக்கல்.'

இப்போது, அவள் புதிதாகப் போட்ட சாப்பாட்டுக்கடையில், மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இந்தக் காட்டுல ஒவ்வொரு மரமும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி" என்று காமெராவிடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஓடைக்கு வழிய லேசா ஞாபகப்படுத்தும்மா, போதும்."

"பெரிய அத்திமரத்துலேர்ந்து தெற்கே இருநூறு மீட்டர், டாக்டர்."

"அத்திமரம் எங்க இருக்கு?" என்று காமெராக்காரி இங்க்ரிட் வாயெடுத்தாள். உள்ளூர்க்காரனாயிருந்தால் 'எங்க இருந்துச்சு?' என்றுதான் கேட்பான்; அந்த ஊரில் மரம் விழுந்த பிறகும் அதை வைத்தேதான் வழி சொல்வார்கள்.

"அது நிழல்ல உக்காந்துதானே புஸ்தகமே எழுதினேன்! வா" என்று டாக்டர் கிளம்பிவிட்டார். வழியில் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் காமெராவில் பதிவாகிவிடுமே.

மத்தியானம் அன்னாசித் தோட்டத்துச் சேற்றோடு திரும்பினார். ஒரு பூட்ஸ் இல்லை. கழுத்தில் உண்ணி.

"மரத்தையே காணோம்!"

"விழுந்து ஆறு வருஷமாச்சே."

"காலைலயே சொல்றதுக்கென்ன?"

"சொந்தக்காரர் செத்தது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

இங்க்ரிட் சிரித்தாள், ஆனால் காமெராவை நிறுத்தவில்லை.

"வெளிச்சம் போறதுக்குள்ள கூட்டிட்டுப் போம்மா. நாளைக்கு ப்ளேன்."

"போலாம். மொதத்தடவை யார் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொல்லுங்க. அதைப் பாத்து." உதட்டைக் குவித்துக் காமெராவைக் காட்டினாள்.

டாக்டர் காமெரா பக்கம் திரும்பினார். "தவளைய மொதல்ல காட்டினது... இவங்கதான்."

"பேரு?"

"ஃப்ளோரிபெத்."

"பீன்ஸு?"

"உப்பு... சரியாத்தான் இருந்துச்சு."

அவள் மேசைவிரிப்பைத் தூக்கினாள். அடியில், பலகை அறைந்த பெரிய அடிமரம்.

"காலைல முழங்கை ஊனினீங்களே, அதுதான் அத்திமரம். இங்கேர்ந்து எண்ணுங்க."

ஆனால் உடனே கிளம்பவில்லை. ஒரு காபி போட்டு, இரண்டு கரண்டி சர்க்கரை கலந்து, மெதுவாகக் குடித்தாள். டாக்டர் ஒற்றை பூட்ஸோடு வாசலில் நின்றார்.