முதல் கோட்டின் எண்

திரையில் இருந்த கோடுகளைப் பேராசிரியர் ஐந்தாவது முறையாக எண்ணினார். ஒரு நிக்கல் அணுவும் ஒரு குளோரின் அணுவும் சேர்ந்த மூலக்கூறு அது. லேசர் பட்டால் அதன் ஒளி சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக விழும். உலைச் சூட்டில் எடுத்தால் தொடக்கத்துக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்; முதல் கோடு எது என்று ஊகித்துத்தான் எண்ண வேண்டும். இந்த வாரம் மூலக்கூறுகளை நன்றாகக் குளிரவைத்து எடுத்தார்கள். நெரிசல் விலகி, முதல் கோடு தனியாக நின்றது. மூன்று வருடமாக அவர் அடித்துச் சொன்ன எண்கள் எல்லாமே ஒன்று பிசகியிருந்தன.

பிசகு என்று அன்றே சொன்னவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. அன்று அவர், அவள் எண்ணி எழுதிய தாளில் குறுக்கே சிவப்பு மையால் கோடு இழுத்து, "எண்ணவே தெரியாதவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பாவி மகள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அவர் எண்களோடு கட்டுரை அச்சாயிற்று. ஆறு மாதத்தில் அவள் படிப்பை விட்டுவிட்டு ஓர் இரும்பாலையின் சோதனைக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த கட்டுரையில் 'மறு ஆய்வில் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அப்படி நினைத்ததும் அவருக்கே உடம்பு கூசியது. அலமாரியிலிருந்து அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

நலம் விசாரித்தாள். வேலை பரவாயில்லை என்றாள். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"நீ எண்ணினதுதாம்மா சரி. நான்தான் தப்பு."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள்.

"அப்படியா சார்? நான் வீட்ல உக்காந்து திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்தேன். கடைசில எனக்கும் உங்க எண்தான் வந்துது. எனக்குத்தான் எண்ண வரலன்னு விட்டுட்டேன்."

அவர் அந்தப் பழைய தாளை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டார். இதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

"சார், இருக்கீங்களா? பேனா எடுத்துட்டேன். முதல் கோட்டுலேர்ந்து சொல்லுங்க."

அவர் படிக்கத் தொடங்கினார். திரையைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. சிவப்பு மைக்கு அடியில், அவள் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதிய எல்லா எண்களும் அப்படியே இருந்தன.