விரிப்பின் மறுமுனை

குளிர்நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சி அக்கா என்று பெயர். துணிக்குக் கஞ்சி போடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளே விறைப்பு. சிரித்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பாள்.

கட்டில் விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து, ஒரு உதறு உதறி, எதிரெதிரே நடந்து வர வேண்டும். நடுவில் ஒருத்தியின் முனைகள் மற்றவள் கைக்கு மாறும். விரல்கள் பட்டு விலகும். அடுத்த விரிப்பு. நாள் முழுக்க இதேதான்.

சில வருஷமாக அவளுக்கு எதிர்முனையில் நின்றவள் ரேடியோ. வாய் ஓயாததால் அந்தப் பெயர். தள்ளி நின்று கதையை ஆரம்பித்து, விரல் படும் இடத்தில் நிறுத்துவாள். அடுத்த விரிப்பில் அது தொடரும். மாமியார், பக்கத்து வீட்டுப் பூனை, மாடிக்காரனின் குறட்டை, எதையும் விட்டுவைத்ததில்லை. பிரசவ விடுப்பில் போகிற அன்றுகூட, "நான் இல்லாம என்னக்கா பண்ணுவீங்க?" என்றாள்.

"காது ரெண்டும் கொஞ்சம் ஓய்வெடுக்கும். போடி."

ரேடியோ சிரித்தாள். வழக்கமான பெரிய சிரிப்பு இல்லை.

பிறகு குளிர் இறங்கியது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. எதிர்முனைக்குப் புதிதாக வந்தவள் கையுறை போட்டுக்கொண்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மடித்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மடிப்பு நூல் பிடித்ததுபோல் இருந்தது. கஞ்சி அக்கா வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். சமைக்கத் தோன்றாது. நின்றபடியே பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுப்பாள். விடுமுறை நாளில் எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைக்காது. கணவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. இது அவனுக்கான ஏக்கம் இல்லை என்று அவளுக்கே தெரியும். அதுதான் எரிச்சல். போயும் போயும் அந்த ஓட்டைவாயையா மனசு தேடுகிறது?

குழந்தை பிறந்த சேதி வந்தபோது சலவைக்கூடமே ரேடியோவுக்குப் போன் போட்டது. இவள் போடவில்லை. அப்படி விரட்டிவிட்டு எந்த முகத்தோடு பேசுவது? நாள் தள்ளத் தள்ள இருந்த முகமும் சிறுத்துப் போயிற்று.

ஒரு விடுமுறை நாளில் வேறு வழியில்லாமல் தன் கட்டில் விரிப்பைத் துவைத்து, அறையைச் சூடேற்றும் குழாய்மேல் காயப்போட்டாள். காய்ந்ததும் எடுத்து, இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, கையை நீட்டியபடி முன்னால் நடந்து நின்றாள். எதிரே அலமாரி. விரிப்பின் மறுபாதி தரையில் கிடந்தது. அப்படியும் கை இறங்கவில்லை. யாரோ வந்து வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் நின்றாள். தனியாக மடிக்கத் தெரியாதவள் இல்லை. மனசு வரவில்லை.

விரிப்பை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"யாரு, கஞ்சி அக்காவா? இப்பவாச்சும் வழி தெரிஞ்சுதா?" ரேடியோவின் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

"விரிப்பு ஒண்ணு மடிக்கணும்."

"என்னது?"

"கூட ஆள் இல்ல."

ரேடியோ பேசாமல் இருந்ததை அவள் அன்றுதான் கேட்டாள்.

"இங்கயும் மலையா குவிஞ்சு கிடக்கு, எல்லாம் குழந்தைத் துணி," என்றாள் ரேடியோ பிறகு, குரல் இறங்கி. "அவரு காலையில போனா ராத்திரிதான். செவுத்தோட பேசிட்டு இருக்கேன்க்கா. அதுவும் உங்கள மாதிரிதான், பதில் சொல்லாது."

"வாய் மட்டும் குறையல."

"இன்னிக்கு இவனுக்கு ஊசி போடணும். ஞாயித்துக்கிழமை வாங்க."

"குழந்தைத் துணிக்கு எதுக்குடி ரெண்டு பேரு?"

"வாங்கக்கா."

போனை வைத்ததும் அறை பழையபடி ஆயிற்று. ஜன்னலில் வெளிச்சம் அதற்குள் போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வெகு தூரத்தில் இருந்தது. கஞ்சி அக்கா வீட்டுக்குள்ளும் போட்டிருந்த கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். விரிப்பை மடிக்காமல் அப்படியே சுருட்டி ஒரு பையில் திணித்து, கதவோரம் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை வெறும் மெத்தையில்தான் படுத்தாள்.