எதிரே வந்து நின்றவன்

மாரிகா எஸ்தோனியாக்காரி. என்னைக் கட்டிக்கொண்டு ஸ்பெயினில் என் ஊரான செவில்லாவுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. போன அக்டோபரில், ஆற்றுக்கு அக்கரையில் செவில்லானாஸ் நடனம் சொல்லித்தருகிறார்களாம், போகட்டுமா என்று கேட்டாள்.

"தாராளமா போ. என்னைக் கூப்பிடாம இருந்தா சரி" என்றேன். இந்த ஊரில் பிறந்தும் ஆட வராதவன் நான்.

வாரம் இரண்டு நாள் போனாள். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாலும் மணிக்கட்டு தானாகச் சுழலும். வீட்டில் ஓயாமல் காலால் தட்டிப் பழகினாள். கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்கூரையை இடித்தாள்.

ஏப்ரல் திருவிழா வந்தது. வியாழக்கிழமை பிற்பகல், என் நண்பர்கள் போட்டிருந்த கூடாரம். புள்ளிப் பாவாடையும் தலையில் பூவுமாக மாரிகா எழுந்தாள்.

"என் வாத்தியாரோட ஆடப்போறேன். கோவப்படாம பாரு."

எதற்குக் கோபம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றது என் அண்ணன் எலாதியோ.

கையிலிருந்த ஒயின் சட்டையில் கொட்டியது. நண்பர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எங்களுக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. அம்மா இறந்தபோது நான் ஜெர்மனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறை வாசலில், அத்தனை பேர் முன்னால், "இப்பதான் வழி தெரிஞ்சுதாடா?" என்றான். அன்றோடு சரி. எனக்கு ஓர் அண்ணன் உண்டு என்பதற்குமேல் மாரிகாவிடம் எதுவும் சொன்னதில்லை.

ஆட்டம் தொடங்கியது. சுற்றிலும் கைத்தாளம், என் காது அடைத்துக்கொண்டது. இரண்டாவது பாட்டில் மாரிகா இடது தோளைச் சற்றே சாய்த்துத் திரும்பினாள். அம்மா ஆடும்போது அப்படித்தான் திரும்புவாள். மாரிகா அம்மாவைப் பார்த்ததே இல்லை.

நான்காவது பாட்டோடு ஆட்டம் சட்டென்று முடிந்தது. எழுந்து போனேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"மூணாவது வகுப்புலேர்ந்து. பதிவேட்டுல அவர் பேரைப் பார்த்தேன். அப்பா வழி, அம்மா வழின்னு உன்னோட ரெண்டு குடும்பப் பேரும் அப்படியே இருந்துச்சு."

"ஆறு மாசமா மறைச்சிருக்க."

"சொல்லியிருந்தா போக விட்டிருப்பியா?"

அண்ணன் பக்கம் திரும்பினேன். தலை முழுக்க நரைத்திருந்தது. "அம்மா திரும்புறதை இவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்க" என்றேன்.

"எனக்கு வேற மாதிரி திரும்பத் தெரியாதுடா."

மூவரும் உட்கார்ந்தோம். "ரெண்டு நாள் கண்ணு மூடாம வண்டி ஓட்டிட்டு வந்தேன், அன்னிக்கு" என்றேன்.

அவன் கை மேஜைமேல் அப்படியே நின்றது. "எனக்கு யாரும் சொல்லலையே."

"நீ கேக்கவே இல்லையே அண்ணே."

மாரிகா பொரித்த மீன் தட்டை எங்கள் நடுவில் வைத்தாள். இருவரும் தொடவில்லை. அவன் எழுந்து போய்விடவும் இல்லை.