மாடு மிதிக்காத புல்

மாடு மிதித்த இடத்தில் மனுசன் மிதிக்கலாம். போர் முடிந்து முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பிய காலத்தில் சாந்தரூபன் படித்த பாடம் இது. மிதிவெடி புதைந்த மண்ணில் இதைவிடப் பெரிய வேதம் ஏது? அவன் மனைவி தர்மிளாவின் தம்பி விதுரன் மாட்டின் குளம்படியை விட்டு ஒரேயொரு தரம் விலகினான். ஒரு கால் போய்விட்டது.

இத்தாலியில் பலெர்மோவுக்கு மேலே, மலையில் பண்ணைக்காரன் கார்மேலோவின் மாடுகளைப் பார்க்க வந்த பிறகும் சாந்தரூபனை அந்தப் பாடம் விடவில்லை. ஆனால் இந்த மாடு வேறு சாதி. பக்கத்துச் சினிசி ஊரின் பேரால் சினிசாரா என்பார்கள், கன்னங்கரிய மாடு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கார்மேலோ பாறையைக் காட்டி, இதுதான் பெற்றது என்பான். தொழுவம் தேடாது. முள்ளைத் தின்றே கசாப்புக்காரன் மெச்சும்படி சதை வைக்கும். ஆடு தயங்கும் விளிம்பிலும் ஏறும்; பின்னால் வருகிறவன் ஏறுவானா என்று அது யோசிப்பதில்லை.

அந்த ஞாயிறு, சோறு கொண்டு வந்த தர்மிளாவை றோட்டோரம் இருக்கச் சொல்லிவிட்டுச் சினைப்பசு ஒன்றைத் தேடிப் போனான். கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. வழி தெரியவில்லை, குளம்படி தெரிந்தது. போதாதா அவனுக்கு? அதிலேயே கால் வைத்துப் போனான். பசு ஒரு வெடிப்பைத் தாண்டி மறைந்தது. அவன் நின்ற கல் ஆடியது. வந்த வழி பின்னால் சரிந்து விழுந்தது.

மூட்டம் விலகியபோது கீழே கிடுகிடு பள்ளம். மேலே, ஒரு எட்டில் ஏறக்கூடிய புல்தரை. அதன் அந்தப் பக்கம் தர்மிளா. புல் நிமிர்ந்து நின்றது. ஒரு குளம்படிகூட இல்லை.

"இஞ்சாருங்கோ, புல்லிலை ஏறி வாங்கோ!"

"மாடு மிதிக்கேல்லை!"

"இது இத்தாலியப்பா! ஏறுங்கோ!"

அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன, கால் எழும்பவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. கல் இன்னும் கொஞ்சம் சரிந்தது.

தர்மிளா புல்லில் கால் வைத்தாள்.

"வராதையும்!" என்று அலறினான். தன் உயிருக்கு அவன் இப்படி அலறவில்லை. அவள் ஒவ்வோர் அடியாக வைத்து வந்தாள். புல் சாய்ந்தது, அவ்வளவுதான்.

அவள் குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தாள். கல் உருண்டு போனது. அவன் அவளருகே புல்லில் வந்து விழுந்தான்.

நிமிர்ந்து பார்த்தால், தர்மிளா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"வெடிக்கேல்லைத்தானே?" என்று கேட்டாள்.