கஞ்சி போட்ட தொப்பி

நர்மதாவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையில் கொஞ்சம் கிள்ளி ஊருக்குப் பங்கு வைத்திருந்தால், ஜலகண்டாபுரத்தில் ஒரு பிள்ளையும் எந்தப் பரீட்சைக்கும் பயந்திருக்காது. சேலத்தில் ஃபேஷன் டிசைனிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அப்பா வேல்முருகன் நாலு விசைத்தறியில் துண்டு ஓட்டுகிறவர். "தறிக்காரன் ஊட்டுல பொறந்தவளுக்குத் துணியப் பத்திச் சொல்லித்தர ஒரு காலேஜாப்பா?" என்று முதல் வருடமே கேட்டவள் அவள். கேட்டாளே ஒழிய ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

கடைசி செமஸ்டரில் தொப்பி செய்வது ஒரு பாடம். அதோடு உடை வரலாறும் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் எடுத்தவர் அறிவுச்செல்வி மேடம். அதிகம் பேசமாட்டார். பேசினால் மாற்றமாட்டார்.

"ஆளுக்கு ஒரு தொப்பி. யாருக்காகச் செய்யறீங்களோ, அவங்க ஒரு வேலை நாள் முழுக்க, அவங்களா இஷ்டப்பட்டுப் போட்டிருக்கணும். மணிக்கு ஒரு போட்டோ வேணும். பரீட்சை அன்னைக்குத் தொப்பி மேஜை மேல இருக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் பூஜ்யம்தான். முதல்ல வர்ற ஒருத்தருக்குப் பெங்களூர்ல ஒரு தொப்பிப் பட்டறையில மூணு மாசப் பயிற்சி."

பெங்களூர் என்ற சொல் காதில் விழுந்ததுமே நர்மதா அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்று சாயங்காலமே புதுப் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி, வீட்டுக்கு உருட்டிக்கொண்டே வந்தாள். "எங்கடி பயணம்?" என்று அம்மா கேட்டதற்கு, "அடுத்த மாசம் சொல்றேன்" என்றாள்.

கூடப் படிக்கும் கனிஷ்கா, கல்யாண வரவேற்பில் நிற்கும் தன் சித்திக்கு இறகு வைத்த குட்டித் தொப்பி ஒன்று செய்தாள். ஏசி மண்டபத்தில் அது வாடவும் வாடாது, வழியவும் வழியாது. நர்மதா அப்படியெல்லாம் சுளுவான வழியைப் பார்க்கிறவள் இல்லை. ராசிபுரம் போகும் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாக அவள் பலமுறை பார்த்திருந்த சேகோ மில் ஒன்று உண்டு. நாலு ஏக்கர் சிமெண்டுக் களம் முழுக்க ஜவ்வரிசி காயும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள் அதைக் காலாலேயே கிளறிக்கொண்டு நடப்பார்கள். மேலே வெயில், கீழேயும் வெயில். இவர்களுக்கு ஒரு தொப்பி செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது?

மேஸ்திரியிடம் கேட்டு உள்ளே போனாள். களத்துப் பெண்களில் வாய் நீளமானவள் பாவாயி. நாற்பது வயது இருக்கும். கட்டுமஸ்தான உடம்பு. பிடரியில் தேங்காய் அளவுக்குக் கொண்டை.

"தொப்பியா? போலீசுக்குக் குடுக்கறதாட்டமா?" என்றாள் பாவாயி.

"அதவிட நல்லதுங்கக்கா. போட்டுப் பாத்தா நீங்களே கழட்ட மாட்டீங்க" என்றாள் நர்மதா. இந்த வாக்கு பின்னால் என்ன பாடு படுத்தும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

தொப்பி விறைப்பாக நிற்க கல்லூரியில் ஒரு மருந்து கொடுத்தார்கள். புட்டியைத் திறந்தால் நெடி மூக்கைப் பிடுங்கும். நர்மதா அதைத் தொடவில்லை. அவள் வீட்டில் எது விறைப்பாக நின்றாலும் அது கஞ்சியால்தான் நிற்கும். பாவு நூலுக்குக் கஞ்சி, அப்பாவின் வேட்டிக்குக் கஞ்சி, கோயில் நோம்பிக்கு அம்மா கட்டும் சேலைக்கும் கஞ்சி. மரவள்ளிக் கிழங்கு மாவில் கெட்டியாகக் காய்ச்சி, துண்டுத் துணியை மூன்று மடிப்பாக அதில் முக்கி, தொப்பி வடிக்கக் கல்லூரியில் கொடுத்த மரத்தலை மேல் இழுத்துக் கவிழ்த்துக் காயவைத்தாள். காய்ந்ததும் விரலால் சுண்டினால் தகரம் போல டங்கென்றது. அகலமான விளிம்போடு பார்க்கப் பிரமாதமாக இருந்தது. நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாவாயியின் தலையில் அதை வைத்தாள். முதல் சிக்கல் அங்கேயே ஆரம்பித்தது. மரத்தலைக்குக் கொண்டை கிடையாது, பாவாயிக்கு உண்டு. தொப்பி கொண்டையில் முட்டிக்கொண்டு நெற்றிக்கு நழுவியது. ஒன்பது மணிக்குக் காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் களத்தில் போட்டது. பாவாயி ஓடிப் போய் எடுத்து வந்தாள். பத்து மணிக்கு மறுபடியும் ஓடினாள்.

"ஏங்கண்ணு, நான் அரிசி காயவெக்க வந்தனா, தொப்பி முடுக்க வந்தனா?"

பதினோரு மணிக்கு வேர்வை வேலையைக் காட்டியது. கஞ்சி இளகி, விளிம்பு நனைந்த அப்பளமாகத் தொங்கிக் கண்ணை மறைத்தது. நெற்றியில் பிசுபிசுவென்று வழிந்ததைப் பாவாயி துடைத்து, மோந்து பார்த்து, "கெழங்கு மாவு!" என்று கூவினாள். களமே சிரித்தது. நர்மதாவும் சிரித்தாள், ஆனால் காது இரண்டும் சுட்டது.

டீக்கு உட்கார்ந்தபோது பாவாயி தொப்பியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். மில்லுக்குப் பின்னால் குவித்த திப்பியை, அதாவது மாவெடுத்த கிழங்குச் சக்கையை, தின்று பழகிய வெள்ளாடு ஒன்று உண்டு. அது வந்தது, மோந்தது, பழகிய ருசி என்று கண்டுகொண்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நர்மதா ஓடுவதற்குள் பாதி விளிம்பு அதன் வாய்க்குள் போயிருந்தது.

"உன்ற தொப்பி நல்லாத்தான் இருக்குது சாமி. ஆடே சொல்லுது" என்றாள் பாவாயி. பழைய துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் ஆடு கடித்த தொப்பி. வெள்ளிக்கிழமை பரீட்சை. அழுகை வந்தது. அழ வேண்டிய அளவுக்கு அழுதுவிட்டு, கொண்டலாம்பட்டி தாண்டுவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தப்பு பாவாயியின் தலையில் இல்லை. மொட்டை மரத்தலையை நம்பித் தொப்பி செய்தது அவள். வேர்க்கும் என்று தெரிந்தும் கஞ்சி காய்ச்சியதும் அவள்தான்.

கொண்டை வைத்த பெண்கள் உலகத்தில் வேறு எங்கும் தொப்பி போட்டதே இல்லையா? வரலாற்று வகுப்பில் மேடம் ஏதோ படம் காட்டியது மங்கலாக நினைவு வந்தது. தன் நோட்டைப் புரட்டினாள். அந்தத் தேதியில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை அழகாக வரைந்து வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் கனிஷ்காவைக் கூப்பிட்டாள்.

"நோட்டு தர்றேன். ஆடு கடிச்ச கதைய ஒண்ணு விடாம மொதல்ல சொல்லு" என்றாள் கனிஷ்கா. கதையைக் கேட்டுப் பத்து நிமிடம் சிரித்துவிட்டுத்தான் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அதில் எல்லாம் இருந்தது. நூறு நூற்றைம்பது வருடம் முன்னால் வெள்ளைக்காரப் பெண்கள் முடியை உச்சியில் குவித்துக் கட்டியபோது, தொப்பியையும் முடியையும் சேர்த்து நீளமான ஊசி ஒன்றைக் குத்தி நிறுத்தினார்கள். முடியை வெட்டிக்கொண்டதும் ஊசிக்கு வேலை போய்விட்டது. அவர்களில் வயற்காட்டில் வேலை செய்த பெண்களின் துணித் தொப்பியில் கஞ்சிக்குப் பதிலாக மெல்லிய மரச்சிம்புகளை உறைக்குள் செருகுவார்களாம். அழுக்கானால் சிம்பை உருவிவிட்டுத் துவைப்பார்களாம். அவள் பெட்டி வரைந்துகொண்டிருந்த நேரத்தில், தனக்கு வேண்டிய பாடம் கண்ணெதிரிலேயே ஓடியிருக்கிறது. நர்மதாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

மரச்சிம்புக்கு எங்கே போவது? தறிக்கூடத்து மூலையில் நூல் மூட்டைகளைக் கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டைகள் குவிந்து கிடந்தன. வளையும், ஒடியாது, வேர்வை அதை ஒன்றும் செய்யாது. ஆடு தின்னவும் தின்னாது. இந்த முறை மரத்தலையின் பிடரியில் பழைய துணியைச் சுருட்டிக் கட்டிப் பாவாயியின் கொண்டையைத் தன் கையாலேயே உண்டாக்கினாள். பின்பக்கம் திறந்து, கழுத்துக்கு ஒரு தொங்கல் விட்டாள். விளிம்பில் வரிசையாகத் தடம் தைத்துப் பட்டைகளைச் செருகினாள். அன்றைக்குக் களத்தில் நின்றபோது கண்ணில் நீர் வடிந்தது நினைவிருந்தது. கண்கூச்சம் மேலிருந்து வந்ததைவிட வெள்ளை அரிசியிலிருந்துதான் அதிகம் வந்தது. அதனால் விளிம்பின் அடிப்பக்கத்துக்குக் கரும்பச்சைத் துணி வைத்தாள். கொண்டையில் குத்த நீளமான ஊசி ஒன்றும் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பாவாயி தொப்பியை முதலில் மோந்து பார்த்தாள். பிறகு போட்டாள். ஊசி கொண்டைக்குள் இறங்கியது. காற்று வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது. மணிக்கு ஒரு போட்டோ வீதம் ஒன்பது போட்டோ ஆயிற்று. சாயங்காலம் நர்மதா கேட்பதற்குள் பாவாயி தொப்பியோடேயே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நர்மதா களத்துக்குப் போனபோது அது பாவாயியின் தலையில் இருந்தது.

"அக்கா, இன்னிக்குப் பரீட்சைங்க. தொப்பியக் குடுங்க. சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து குடுத்தர்றேன்."

"சாயங்காலம் எதுக்கு? பொழுது உழுந்த பொறவு என்ற தலைக்கு எதுக்குத் தொப்பி?" பாவாயி கிளறுவதை நிறுத்தவில்லை. "நேத்துத்தான் சாமி தலவலி இல்லாம ஊடு போய்ச் சேந்தேன். தர மாட்டேன் போ."

தொப்பி மேஜையில் இல்லாவிட்டால் பூஜ்யம். பெங்களூரும் இல்லை, பெட்டிக்கு வேலையும் இல்லை. நர்மதா கெஞ்சியிருக்கலாம். கண்ணைக் கசக்கினால் பாவாயி மனசு இளகித் தந்தும் இருப்பாள். ஆனால் வாங்கிக்கொண்டு போனால் அந்தத் தலையில் மறுபடியும் பழைய துண்டுதான் ஏறும். போட்டுப் பார்த்தால் கழற்ற மாட்டீர்கள் என்று சொன்னவள் அவள்தானே? சொன்னது பலித்ததற்கு அழுவதா?

"சரிங்கக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மத்தியானம் தேர்வுக் கூடத்தில் கனிஷ்காவின் தொப்பி இறகு சிலிர்த்து நின்றது. நர்மதாவின் மேஜையில் ஒன்பது போட்டோக்களும் ஆடு கடித்த தொப்பியும் இருந்தன. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கமலவேணி, கிராப்பு வெட்டிய தலையோடு குனிந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நான் பண்ணின தப்பு மேடம். சரியா வந்த தொப்பி களத்துல இருக்கு. போட்டிருக்கிறவங்க தர மாட்டேங்குறாங்க."

"மேஜையில இல்லாத தொப்பிக்கு நான் எப்படி மார்க் போடறது?"

"மேஜையில இருந்தா அது யார் தலையிலயும் இல்லன்னுதான மேடம் அர்த்தம்?"

அறிவுச்செல்வி மேடம் திரும்பி முறைத்தார். கமலவேணி கடித்த விளிம்பை விரலால் தடவினார். "எந்தப் பக்கம் இந்தக் களம்?" என்றார்.

"ராசிபுரம் ரோட்டுல மேடம்."

"நான் நாமக்கல்தான் போகணும். வழியில இறங்கிப் பார்க்கறேன். மார்க் தாளைக் கையில வச்சுக்கறேன். அங்க தொப்பி இல்லன்னா பூஜ்யம்தான்."

அறிவுச்செல்வி மேடமும் நர்மதாவும் காரில் ஏறினார்கள். பாவாயி இன்று அரை நாளில் கிளம்பியிருந்தால்? தொப்பியை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்? எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள் நர்மதா. இருந்தும் முதுகு நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணி வெயிலில் களம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது. கமலவேணி காரிலிருந்து இறங்கிய வேகத்தில் கையிலிருந்த ஃபைலைத் தூக்கித் தலைமேல் பிடித்துக்கொண்டார். நட்ட நடுவில், பச்சை நிழலுக்குக் கீழே, பாவாயி அரிசியை உழுதுகொண்டு வந்தாள்.

"அந்தத் தொப்பிய ஒரு நிமிஷம் குடுங்கம்மா. தையலைப் பார்க்கணும்."

"வெய்யில்ல நிக்கறப்பத் தொப்பிய எதுக்குங்க அவுக்கச் சொல்றீங்க? பாக்கறதுன்னா இப்படியே பாருங்க." பாவாயி தலையைக் குனிந்து காட்டினாள்.

கமலவேணி அவளைச் சுற்றி வந்தார். தடங்களை எண்ணினார், ஊசியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நேராகக் கேட்டார். "இந்தப் பொண்ணு பரீட்சைக்காகப் போடச் சொன்னதால போட்டிருக்கீங்களா?"

"அட, நீங்க வேறைங்க! காலையில வந்து கழட்டிக் குடுன்னுதான் கேட்டுச்சு அந்தப் புள்ள. நாந்தான் தரலீங்க."

அறிவுச்செல்வி மேடம் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நர்மதாவுக்குத் தெரிந்தது.

கமலவேணி பேனாவை எடுத்தார். எழுத வேண்டிய தாள் ஃபைலுக்குள் இருந்தது. ஃபைல் தலைக்கு மேல் இருந்தது. கீழே இறக்கினார், கண் கூசியது. மறுபடி மேலே தூக்கினார். பாவாயி இந்த அவஸ்தையை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு தானாகவே ஊசியை உருவித் தொப்பியை நீட்டினாள்.

"எழுதி முடிக்கற வரைக்கும் போட்டுக்கங்க. ஆனாக் கையோட திருப்பித் தந்தரோணும்."

கிராப்புத் தலையில் ஊசி நிற்க இடமில்லை. நர்மதா பின்னால் நின்று தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிழலில் தாளை விரித்து, கமலவேணி ஒரு எண் எழுதினார். அதற்குப் பக்கத்தில் 'தொப்பி தலையில் இருக்கிறது' என்று ஒரு வரியும் எழுதி, கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்ற நர்மதாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது; எண் பூஜ்யம் இல்லை, வீட்டில் இருக்கும் பெட்டிக்கும் வேலை வரும் போலிருந்தது.

எழுதி முடித்த பிறகும் அவர் தொப்பியை உடனே கழற்றவில்லை. விளிம்பை அண்ணாந்து பார்த்தார், களத்தைப் பார்த்தார், மறுபடி விளிம்பைப் பார்த்தார். பாவாயி நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.