தேவதாரு அடித்த அலமாரி

தச்சருக்கு மூக்கு செத்துப் பல வருஷமாகிறது. மரத்தூளைச் சுவாசித்தே பிழைத்த மனுஷன். பசையும் பாலிஷும் தின்னரும் சேர்ந்து மிச்சம் மீதியையும் தீர்த்துக்கட்டிவிட்டன. அடுப்பில் பால் பொங்கிக் கருகும், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். "வீடு பத்திக்கிட்டாலும் நான்தான் வந்து சொல்லணும் இந்த ஆளுக்கு" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அப்படித் திட்ட இப்போது அவள் இல்லை. போன மழைக்காலத்தில், உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஒரே மகள் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம். அவளுக்கு அப்போது நிறைமாதம். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாயின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள். பாவம், பெற்ற தாய்க்கு ஒரு கை மண் போடக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. அழுது ஓய்ந்தபின் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, அம்மா துணி எதையும் துவைச்சிடாதீங்க. அலமாரியில அப்படியே இருக்கட்டும். நான் வந்து அம்மா ஸ்வெட்டர்ல மூஞ்சிய வச்சுக்கணும்ப்பா. அந்த வாசனை ஒண்ணு போதும் எனக்கு."

"ஒருத்தரும் தொட மாட்டாங்க கண்ணு. நான் இருக்கேன்ல."

சொன்ன சொல்லில் மனுஷன் கெட்டி. மடித்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மச்சினியையே வாசலோடு திருப்பி அனுப்பினார். ஆனால் ஒரு நாள் அலமாரியைத் திறந்தபோது உள்ளேயிருந்து வெளிறிய சின்னப் பூச்சி ஒன்று பறந்தது. சால்வையின் ஓரத்தில் கடுகளவு ஓட்டை. பதறிப்போனார். மகள் வருவதற்குள் கம்பளியெல்லாம் சல்லடையாகிவிடுமே!

அந்துருண்டை போடலாம். ஆனால் அது நாறும், துணியில் ஏறிக்கொள்ளும் என்பது மூக்கில்லாத அவருக்கே தெரியும். மருந்தடிக்கவும் மனம் வரவில்லை. பூச்சி அண்டாத தேவதாருப் பலகையை உள்ளே அடித்துவிட்டால் என்ன? கேட்கிற வீடுகளுக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறவர்தானே. மரம்தானே, மரம் என்ன செய்துவிடப் போகிறது? மற்றவர்களுக்கு அது மணக்கும். அவருக்கோ அது இழைப்பதற்கும் அறுப்பதற்குமான சாமான், அவ்வளவுதான்.

பட்டறையில் இருந்ததிலேயே நல்ல சிவப்புப் பலகைகளாகப் பொறுக்கினார். கூட வேலை செய்கிற கூட்டாளி ஒரு பலகையை எடுத்து முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, என்னா வாசனை! தெருமுனை வரைக்கும் தூக்குதே!"

"அப்போ பூச்சிக்குச் சங்குதான்னு சொல்லு" என்று தச்சர் சிரித்தார். மனைவி போனபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதுகுப்புறம், பக்கவாட்டு, தட்டுக்கு அடியில் என்று ஒரு விரற்கடை விடாமல் அடித்தார். தேவதாருவுக்குப் பாலிஷ் போடக் கூடாது. மணம் மங்கினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் போதும், மறுபடி கிளம்பும். மங்கிவிட்டதா இல்லையா என்று இவருக்கு எப்படித் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேய்த்தார். அப்புறம் ஒரு பூச்சி அண்டவில்லை.

மகள் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரிக்குப் போனாள். நீல ஸ்வெட்டரை எடுத்து முகத்தைப் புதைத்தாள். அதை வைத்துவிட்டுச் சால்வையை எடுத்தாள். பிறகு இரவு உடை, கைக்குட்டை, ஒவ்வொன்றாக. தச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா கண்ணு, ஒரு நூல் போகல."

"எல்லாம் மரமா இருக்குப்பா."

"என்னம்மா சொல்ற?"

"தேவதாருதான்ப்பா இருக்கு. அம்மா இல்ல இதுல."

அவர் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு உளியை எடுத்துவந்து பலகையை நெம்ப ஆரம்பித்தார். பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன செய்வார்?

"விடுங்கப்பா. பூச்சி அரிச்சே குடுத்திருந்தாலும் எடுத்துக்கிட்டிருப்பேனே" என்று மகள் அவர் கையைப் பிடித்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கெஞ்சுகிற மாதிரி சொன்னாள். "எனக்கு மறந்துக்கிட்டே வருதுப்பா. நீங்க கூடவே இருந்தீங்களே. அம்மா மேல எப்படி வாசனை வரும்னு சொல்லுங்க."

தச்சர் யோசித்தார். மனைவியின் குரல் வந்தது, திட்டு வந்தது, தூக்கத்தில் அவர் மேல் காலைப் போடுகிற கனம்கூட வந்தது. இன்னும் பின்னால், மூக்கு உயிரோடிருந்த வருஷங்களுக்குப் போய்த் தேடினார். அப்போது பட்டறையே கதி என்று கிடந்தவர், ஒரு நாளாவது நின்று கவனித்திருந்தால்தானே?

"தெரியலையே கண்ணு" என்றார்.

மகள் ஸ்வெட்டரை மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.